வேஸ்டேஜ் மாஸ்டரும் பொங்கலுக்கு ஊருக்குப் போகாதவர்களும்

உலகத்தில் எதையும் வீணாக்காத மனிதர்களை வரிசையில் நிறுத்தினால், முதல் ஆளாக எங்கள் வேஸ்டேஜ் மாஸ்டர்தான் நிற்பார். இரண்டாவது இடத்துக்குத் தகுதியான ஆள் கிடைக்க மாட்டார். இடம் சும்மா கிடக்கிறதே என்று அதிலும் அவரே நகர்ந்து நின்றுகொள்வார்.

இரண்டாயிரங்களின் நடுவில், திருப்பூர் நல்லூரில் ஒரு சின்ன பனியன் கம்பெனியில் நான் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்குகிற பையருக்கு ஈமெயில் அனுப்புவதும், சரக்கு ஏன் தாமதம் என்பதற்குப் புதிது புதிதாகக் காரணம் கண்டுபிடிப்பதும் என் உத்தியோகம். அங்கேதான் அவர் கட்டிங் மாஸ்டர். நீண்ட மேசையில் துணியை அடுக்கு அடுக்காக விரித்து, மேலே முன்பக்கம், பின்பக்கம், கை என்று வரைந்த தாளை வைத்து, எட்டு இஞ்ச் பிளேடு ஓடுகிற மெஷினால் அறுப்பார். ஓரத்தில் விழும் துண்டுகளுக்குத்தான் வேஸ்டேஜ் என்று பெயர். மற்ற மாஸ்டர்களுக்கு அது தொழிலில் சகஜம். இவருக்கு அது சொந்த வீட்டில் விழுந்த எழவு. தாளில் பனியன் கையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, அதன் அக்குளுக்குள் கழுத்துப் பட்டியைச் செருகி, இரண்டு இஞ்ச் மிச்சம் பிடித்துவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தில் மாப்பிள்ளைக் களை இருக்கும்.

கம்பெனியோடு இந்தக் குணம் நின்றிருந்தால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை. மாஸ்டரிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. அதன் பின்சீட்டு காலியாகப் போவதை அவரால் தாங்க முடியாது. வழியில் யார் நின்றாலும் நிறுத்திவிடுவார்.

"ஏறுங்க, போலாம்."

"நான் எங்கியுமே போகலீங்களே. சும்மா நிக்கறனுங்க."

"பரவால்லீங்க. சீட்டு வேஸ்டாப் போகுது, ஏறுங்க."

இப்படி ஏறியவர்களில் ஒருவர் காங்கயம் வரை போய்விட்டு வந்தார். அங்கே அவருக்கு எந்த வேலையும் இல்லை. திரும்பி வரும்போது பின்சீட்டில் இன்னொருவர் இருந்ததால் இவர் பஸ்ஸில் வந்தார். மாஸ்டருக்குச் சிரிப்பில்கூடச் சிக்கனம் உண்டு. ஒரு வேடிக்கையைக் கேட்டுப் பாதி சிரித்துவிட்டு, மீதியை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் சிரிப்பார். பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் எதற்கென்று புரியாமல் சாம்பார் புரையேறும்.

அந்த வருஷம் பொங்கல் வார இறுதியோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கம்பெனிகள் எல்லாம் சாத்திவிட்டார்கள். தெற்கே போகிற பஸ்களில் கூரை மேல்கூட இடமில்லை. எனக்குச் சாத்தூர்ப் பக்கம். இரண்டு தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் போய், இரண்டு தடவையும் பையை மட்டும் ஏற்றிவிட்டு நான் ஏற முடியாமல், பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன். என்னைப் போல ஊருக்குப் போகாதவர்கள், போக முடியாதவர்கள், போனாலும் ஏனென்று கேட்க ஆளில்லாதவர்கள் என்று எங்கள் வீதியில் வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஐம்பது அறுபது பேர் பாயில் புரண்டுகொண்டிருந்தோம்.

மாஸ்டரும் எங்கள் வீதியில்தான் குடியிருந்தார், பல்லடம் பக்கத்துக்காரர். சொந்த ஊர் கூப்பிடு தூரம். போயிருக்கலாம். ஆனால் வாசலில் நின்று எங்களைப் பார்த்துவிட்டார். அந்த முகத்தை நான் கட்டிங் மேசையில் பார்த்திருக்கிறேன்.

"இத்தன சனம் மூணு நாளு சும்மா கெடக்குதுங்களே," என்றார் என்னிடம். "எப்பேர்ப்பட்ட வேஸ்டுங்க இது!"

அன்றைக்கே வீதிப் பொங்கல் நோம்பி, அந்தப் பக்கத்தில் விழாவுக்கு அதுதான் பெயர், முடிவாகிவிட்டது. சம்பளமில்லை, பதவியில்லை, தலைவர் செயலாளர் என்று யாருமில்லை. ஆனால் வேலையில்லாமல் ஒருத்தரும் இல்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் உடம்பு அளவு சொல்கிற கண் அவருக்கு. அதே கண்ணால் எங்களையும் பிரித்தார். நெட்டையர்கள் சீரியல் பல்பு கட்டினார்கள். தூக்கம் வராதவர்கள் அடுப்புக்கு. புருஷனோடு சண்டை போட்டு நல்ல குரல் வளம் பெற்றிருந்த ஒரு அக்காவிடம் மைக்கைக் கொடுத்தார். மூன்று நாளும் அந்த மைக்குக்கு ஸ்பீக்கர் தேவைப்படவே இல்லை. பீகாரிலிருந்து வந்து அயர்ன் டேபிளில் நின்ற இருவர், பொங்கல் என்றால் என்னவென்று தெரியாமலேயே கரும்பு கட்டி, கோலத்துக்குத் தண்ணீர் தெளித்து, பானை பொங்கியபோது எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்கள்.

பந்தல்தான் எங்கள் மகத்தான முட்டாள்தனம். வெளியில் வாடகைக்கு எடுக்க வேண்டாம், நம்மிடம்தான் துணி இருக்கிறதே என்றார் மாஸ்டர். கலர் சரியில்லை என்று பையர் ஒதுக்கிய ரோஸ் துணி குடோனில் மலைபோலக் கிடந்தது. முதலாளியிடம் சொல்லி வாங்கிவந்து, பதினெட்டு டெய்லர்கள் உட்கார்ந்து வீதி அகலத்துக்கு ஒரே விரிப்பாகத் தைத்தார்கள். பன்னிரண்டடி உயரத்தில் கட்டியபோது வீதியே ரோஸ் வெளிச்சத்தில் மிதந்தது. நாங்கள் கை தட்டினோம்.

பனியன் துணி இழுபடும். இது திருப்பூரில் நடக்கத் தொடங்கிய குழந்தைக்குக்கூடத் தெரியும். இழுபடுவதற்காகத்தான் அதை உலகமே வாங்குகிறது. அந்தத் தொழிலிலேயே சோறு தின்கிற எங்கள் அறுபது பேருக்கும் அது அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை. மத்தியானம் பந்தல் ஒன்பதடிக்கு வந்தது. சாயங்காலம் நெட்டையர்கள் குனிந்தார்கள். மறுநாள் காலை மார்கழி மிச்சப் பனியையும் குடித்துவிட்டு நாலரை அடியில் தொங்கியது. லைன் வீட்டுச் சொந்தக்காரம்மா, வீதியில் யாருக்கும் தலை வணங்காதவர், பொங்கலைப் பார்வையிட வந்தார். உள்ளே நுழைந்ததும் இடுப்பு வரை குனிந்தார். குடியிருப்பவர்கள் பதறிப்போய் அதைவிடக் கீழே குனிந்தார்கள். இருபது நிமிஷம் இப்படிப் பரஸ்பரம் மரியாதை நடந்தது.

மாஸ்டர் பந்தலுக்கடியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்தார்.

"மேச மேல கெடக்கறப்ப நல்லாத்தானுங்க இருந்துச்சு," என்றார்.

பிறகு இஞ்ச் டேப்பை எடுத்து ஒரு பக்கம் என்னைப் பிடிக்கச் சொன்னார். அளந்தார். முகம் மலர்ந்தது.

"எட்டடி வளந்திருக்குதுங்க! எட்டடி லாபம்!"

வளர்ந்ததை அறுத்து மேடைக்குப் பின்திரை, மிச்சத்தில் சமையல்காரர்களுக்கு முண்டாசு, அதில் மிச்சத்தில் உறியடிக்கிறவர்களுக்குக் கண்கட்டு. மீதிப் பந்தலை நடுவில் மூங்கில் முட்டுக் கொடுத்து நிமிர்த்திவிட்டார். தப்பில்கூட ஒரு இஞ்ச் வீணாக்காத மனிதனை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

வாழை இலையை அறுத்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். கம்பெனி மேசையைத் துடைத்துவிட்டு, இலைகளை நாற்பது அடுக்கு விரித்தார். வழுக்கக் கூடாதென்று நடுவில் நியூஸ்பேப்பர். மேலே தாளில் வரைந்த கோடு. பிளேடு ஒருமுறை "ர்ர்ர்" என்றது. ஒரே அளவில், ஓரம் பிசிறில்லாமல், ஏற்றுமதித் தரத்தில் இலைகள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் சோற்றைப் பார்க்காமல் இலையைப் பார்த்தார்கள். அடுத்த வாரம் வெட்டிய வெள்ளை டீசர்ட்டுகளில் வாழையிலை வாசம் வீசுவதாக ஒரு பேச்சு வந்தது. நான் நம்பவில்லை. முகர்ந்து பார்த்தேன். வீசியது.

இரண்டாம் நாள் சாயங்காலம், உறியடி நடக்கும்போது, மாஸ்டர் கூட்டத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்ப்பதைக் கவனித்தேன். கடைசி வீட்டுப் படியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். எங்கள் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஏழு மாத வயிறு. தேனிப் பக்கத்துப் பெண். புருஷன் ஜெபராஜ் தூத்துக்குடிப் பக்கம், அதே கம்பெனியில் பேக்கிங். கோயில் வேறு, சர்ச் வேறு என்று ஆனதால் இரண்டு வீட்டிலும் தலைமுழுகிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் செல்வி காயின் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். அம்மா இவள் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார். இவள் அடுத்த ஞாயிறு மறுபடி போவாள்.

"ஏப்பா ஜெபராசு, வளைகாப்பு எப்ப?" என்று கேட்டார் மாஸ்டர்.

"போடுததுக்கு யாரு இருக்கா மாஸ்டர்?" என்றான் அவன். "அவ அதப் பத்திப் பேசவே விட மாட்டேங்கா."

மாஸ்டர் பந்தலைப் பார்த்தார். அண்டாவைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நாளை மத்தியானத்துக்குப் பிறகு இவை எதற்கும் வேலையில்லை என்று அவர் கணக்குப் போடுவது நெற்றியிலேயே தெரிந்தது. நேராகச் செல்வியிடம் போனார். அவர் சம்சாரம் ருக்குமணியக்காவும் நானும் பின்னாலேயே போனோம்.

நாளைக்கே இங்கே வளைகாப்புப் போட்டுவிடலாம் என்று அவர் சொன்னதைக் கேட்டுச் செல்வி எழுந்தே நின்றுவிட்டாள்.

"வேணாம்ண்ணே. பாவம்னு போடுற வளையல் எனக்கு வேணாம். வளைகாப்புன்னா பெறந்த வீட்டுல இருந்து வரணும். எனக்குத்தான் அது இல்லைன்னு ஆகிப்போச்சே. வீதி பூராம் கூடி நின்னு அதை எனக்குக் காட்டணுமா?"

சத்தமில்லாமல்தான் சொன்னாள். நான் செத்தேன். போய்விடலாம் என்று ருக்குமணியக்கா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். மாஸ்டர் நகரவில்லை.

"நீ சொல்றது நெசந்தான் கண்ணு. அம்மாவ எங்களால கொண்டாற முடியாது. ஆனாப் பொறந்த ஊடுன்னா அம்மா மட்டுமா? அப்பன், அண்ணன், சித்தி, தாய்மாமன், எத்தன பீஸு இருக்குது! அதெல்லாம் இந்த வீதியில தனித்தனியாக் கெடக்குதே, எனக்குக் கண்ணுல படுதே."

"நடிக்கப் போறீங்களா?"

"எனக்கு நடிக்கத் தெரியாது கண்ணு. துணிய ஒட்டுப்போட்டுத் தெச்சாலும் குளிரு தாங்கும், அது தெரியும்."

அவள் சரியென்று சொல்லவில்லை. வேண்டாமென்று மறுபடியும் சொல்லவில்லை. மாஸ்டருக்கு அது போதும்.

திரும்பி வரும் வழியிலேயே ஆள் எடுப்பு தொடங்கியது. முதல் பலி நான்.

"உங்களுக்கு அக்கா தங்கச்சி உண்டுங்களா?"

"இல்லீங்க மாஸ்டர். நான் ஒரே பையன்."

"அப்ப அந்த எடம் இத்தன வருசமா வேஸ்டாத்தான கெடக்குது? நீங்கதான் அண்ணன்."

கல்யாணமே செய்துகொள்ளாத எங்கள் கம்பெனி வாட்ச்மேன் ஐயா தாய்மாமன் ஆனார். விஷயத்தைச் சொன்னதும் தாடியை மழித்துவிட்டு வந்து நின்றார். எங்களுக்குச் சோறு போடுகிற மெஸ் அக்கா சித்தி. ருக்குமணியக்காவுக்கும் மாஸ்டருக்கும் பிள்ளைகள் இல்லை. அவர்களுக்கு என்ன இடம் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கோலப் போட்டிப் பரிசுக்கு வாங்கியதில் கண்ணாடி வளையல் இரண்டு டஜன் மிஞ்சியிருந்தது. அதையே வைத்துக்கொள்ளலாமே, வீணாகாதே என்றேன், அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து. மாஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"புள்ளைக்கு மிச்சத்தப் போடறதுங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க."

மறுநாள் காலை மொபெட்டில் போய்ப் புது வளையலும் பட்டுக் கரை போட்ட சேலையும் வாங்கி வந்தார். பின்சீட்டில் ருக்குமணியக்கா.

காணும் பொங்கல் மத்தியானம், மெஸ் வாசலிலிருந்து நாங்கள் புறப்பட்டோம். ஏழு வீட்டில் சமைத்த ஏழு வகைச் சோறு. புளிச்சோறு தூக்கு என் தலையில். மைக் அக்கா, "பொண்ணு வீட்டார் வர்றாங்க, வழி விடுங்க" என்று முழங்கினார். வழியை மறித்துக்கொண்டு யாரும் இல்லை. எல்லோருமே எங்கள் கூடத்தான் வந்துகொண்டிருந்தார்கள். செல்வி வாசலில் நின்றாள். நான் என்ன சொல்வதென்று இரவெல்லாம் யோசித்து வைத்ததை மறந்துவிட்டு, "சாப்பிட்டியாம்மா?" என்றேன். அவள் என் தலையிலிருந்த தூக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சிரிக்கும்போதே அழுதாள். ருக்குமணியக்கா அவளைக் கட்டிக்கொண்டார்.

வீட்டுச் சொந்தக்காரம்மா மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷியாக நடுவில் உட்கார்ந்து, சந்தனம் எங்கே, குங்குமம் எங்கே என்று எங்களை விரட்டினார். வளையல் அடுக்கினார்கள். தாய்மாமன் மாலை போட்டார். பீகார்க்காரர்கள் சோறு பரிமாறினார்கள். எல்லாம் முடிந்தது. மாஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, ஒரு இஞ்ச் பிசகில்லை என்பதுபோல என்னைப் பார்த்தார்.

அப்போதுதான் சொந்தக்காரம்மா எழுந்தார்.

"செரி, நல்ல நேரம் போறதுக்குள்ள பொறந்த ஊட்டுக்காரங்க புள்ளையக் கூட்டீட்டுக் கெளம்புங்க."

வளைகாப்பு முடிந்தால் பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். ஊர் உலகத்துக்கே தெரிந்த வழக்கம். அப்பன், அண்ணன், சித்தி, மாமன் எல்லாம் ஒட்டிப் பார்த்துச் சரிசெய்தோம். வீடு ஒன்று வேண்டுமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

செல்விக்குத் தோன்றியிருக்கிறது. நடையில் ஒரு பை கட்டி வைத்திருந்தாள்.

அந்தப் பையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நேற்று அவள் பயந்தது இதற்குத்தான். நான் நான்கு பேரோடு ஒரே அறையில் இருப்பவன். வாட்ச்மேன் ஐயாவுக்குக் கம்பெனி கேட் பக்கத்தில் ஒரு கூண்டு. மெஸ் அக்கா இரவில் பெஞ்சின் மேல் படுப்பவர். எல்லோரும் தரையைப் பார்த்தோம். செல்வி எங்கள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, மெல்லப் பையைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினாள்.

மாஸ்டர் போய் அந்தப் பையை எடுத்தார்.

"வா கண்ணு, ஊட்டுக்குப் போலாம்."

"எங்கிட்டு மாஸ்டர் கூட்டிட்டுப் போறீய?" என்றான் ஜெபராஜ்.

"எங்க ஊட்டுக்குத்தாம்பா. கொழந்த பொறந்து, பச்ச ஒடம்பு தேறி, பொறவுதான் அனுப்புவோம். நீ ஞாயித்துக்கெழமையில வந்து பாத்துட்டுப் போ. மாப்பிள்ளைக்குக் கோழி அடிக்கறோம்."

மாஸ்டர் வீடு அங்கிருந்து ஆறு வீடு தள்ளி. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினோம். அவர் எதிர்ப்பக்கம், மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"மாஸ்டர், வீடு இந்தப் பக்கம்," என்றேன்.

"பொறந்த ஊடு ஆறு எட்டுல இருந்தா புள்ளைக்கு என்ன மதிப்புங்க? பஸ்ல போலாம்."

டவுன் பஸ் வந்தது. நாங்கள் எட்டுப் பேர் ஏறினோம். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"எங்க ஊட்டுக்குங்க," என்றார் மாஸ்டர்.

"அது எந்த ஸ்டாப்புங்க?"

"இப்ப ஏறுன ஸ்டாப்புத்தானுங்க. நீங்க பழைய பஸ் ஸ்டாண்டு போய்த் திரும்பி வருவீங்கள்ல, அப்ப எறங்கிக்கறோம். எல்லாருக்கும் டிக்கெட்டு குடுங்க."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வியின் கை நிறைய வளையலைப் பார்த்தார். முன்னால் போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பி அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். கீழே, முக்கால் மணி நேரத்தில் அதே இடத்தில் வந்து இறங்கப்போகிற மனைவிக்கு ஜெபராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையாட்டினான்.

பஸ்ஸில் கூட்டமில்லை. கம்பெனிகள் எல்லாம் ஷட்டர் இறக்கியிருந்தன. செல்வி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கம்பியில் வைத்த கை ஒவ்வொரு குலுக்கலுக்கும் கலகலத்தது. பழைய பஸ் ஸ்டாண்டில் மாஸ்டர் இறங்கி ஓடி, பிறந்த வீட்டுக்குப் போகிறவளுக்கு வழியில் பசிக்குமே என்று ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். திரும்பும்போது அவள் ருக்குமணியக்காவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் தலை ஆடாமலிருக்க மாஸ்டர் பின்சீட்டிலிருந்து கையால் தாங்கிக்கொண்டே வந்தார். முன்சீட்டுக் கம்பி அவர் முழங்கையில் இடித்தது. அவர் கையை எடுக்கவில்லை.

அந்த மனிதரைப் பார்த்து நான் எத்தனையோ தடவை சிரித்திருக்கிறேன். அன்றைக்கு அந்த பஸ்ஸில், இவர் காலில் விழுந்தால் என்ன என்று இருந்தது. சொன்னால் திட்டுவார் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்லூர் வந்தது. மாஸ்டர் செல்வியை மெல்ல எழுப்பிவிட்டு, என் முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

"எறங்குங்க, ஊடு வந்திருச்சு."

என்னையும் சேர்த்துத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். இன்றுவரை அப்படித்தான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.